32 நாள் குட்டியை எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 வயது. ஒரு வருடமாக நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். அவளிடம் சொல்லாமல் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுக்கலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். வீடு இரண்டாவது மாடியில். காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால், மகள் பள்ளியிலிருந்து திரும்ப நாலு மணி ஆகும். கணவருக்குத் தூசி பட்டால் வீசிங் வரும், அதனால் முடி கொட்டாத இனமாகத் தேடினோம். விளம்பரம் ஒன்றில் ஷிட்சூ குட்டி பார்த்தோம். வயது 32 நாள். "இப்பவே எடுத்தால்தான் உங்களோடு ஒட்டும், தடுப்பூசி போட்டாச்சு, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்" என்கிறார் விற்பவர். முன்பணம் கேட்கிறார். எடுக்கலாமா? ஆணா, பெண்ணா, எது நல்லது? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றாலும், அந்தப் பணம் போய்விடுமே என்பதற்காக இந்தக் குட்டியை எடுக்க வேண்டாம்.

நாய் வளர்க்கும் ஆசையை நான் தடுக்கவில்லை. நாயோடு வளரும் பிள்ளைகளைத் தினமும் என் மருத்துவமனையில் பார்க்கிறேன், அது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த வயதில், இந்த வழியில் வரும் குட்டியை எடுத்தால் நீங்களும் கஷ்டப்படுவீர்கள், குட்டியும் கஷ்டப்படும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "இப்பவே எடுத்தால்தான் ஒட்டும்" என்ற பேச்சை நம்பி ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம், காது கேட்கத் தொடங்க இன்னும் சில நாள். அப்படியென்றால் 32 நாள் குட்டி இந்த உலகத்தைப் பார்த்தும் கேட்டும் இருப்பது இரண்டு, இரண்டரை வாரம்தான். மூன்றாவது வாரத்தில்தான் அது தள்ளாடி எழுந்து நடக்கிறது, கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரள ஆரம்பிக்கிறது. அதே சமயத்தில் பால் பற்கள் முளைக்கின்றன. மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஊசிக் கூர். விளையாட்டு மும்முரத்தில் பக்கத்துக் குட்டியின் காதைக் கொஞ்சம் அழுத்திக் கடித்துவிட்டால், அது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். பால் குடிக்கும்போது மடியைக் கடித்தால் தாய் சட்டென்று எழுந்துவிடும், சில தாய்கள் உறுமி அதட்டும். எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்று ஒரு நாய் கற்றுக்கொள்வது இப்படித்தான். ஐந்து முதல் எட்டு வாரம் வரை இந்தப் பாடம் நாள் முழுக்க நடக்கிறது, அந்தச் சமயத்தில் போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாலு மாதக் குட்டியைக் கூட்டிக்கொண்டு, கை காலெல்லாம் கீறலோடு, "டாக்டர், ரொம்பக் கடிக்குது" என்று வரும் குடும்பங்களிடம் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "ஒரு மாசக் குட்டியா இருக்கும்போது" என்றுதான் பதில் வரும்.

ஒட்டுதல் விஷயத்தில் விற்பவர் சொல்வது உண்மையில்லை. அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர், பீகிள், காக்கர் ஸ்பானியல் உள்ளிட்ட ஐந்து இனக் குட்டிகளைப் பல ஆண்டுகள் கூட இருந்து கவனித்தார்கள். குட்டி புதியவர்களோடும் புதிய சூழலோடும் எளிதில் பழகும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12 வாரம் வரை நீடிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வகத்திலிருந்து 1961இல் வந்த இன்னோர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதரோடு பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதற்குப் பிறகு மனிதரைக் கண்டாலே மிரண்டன. இதிலிருந்து நமக்குத் தெரிவது இரண்டு. ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. எட்டு வாரம் வரை தாயிடம் விட்டாலும் உங்களோடு ஒட்ட அதற்கு நிறையவே நேரம் இருக்கிறது. எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள் எடுப்பது நல்லது. எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது.

அடுத்தது தடுப்பூசி. "போட்டாச்சு" என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பி எடுத்த குட்டிகளைத்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருகிறது. அது இருக்கும்வரை, நாம் ஊசியில் ஏற்றும் மருந்தையும் கிருமி என்று நினைத்து அழித்துவிடும். தாயிடமிருந்து வந்த இந்தச் சக்தி சில குட்டிகளுக்கு ஆறு வாரத்தில் குறைந்துவிடும், சிலவற்றுக்குப் பதினாலு பதினைந்து வாரம்கூட ஆகும். எப்போது குறையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டு, பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கமும் இப்படித்தான் பரிந்துரைக்கிறது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தனி. அதைப் பொதுவாக 12 வாரத்தில் போடுவோம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 நாள் என்றால் ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அந்த வயதுக்குள் போட்ட ஊசியை நம்பி இருக்கவே முடியாது, உண்மையில் போட்டிருந்தாலும்கூட.

போட்டார்களா என்பதை அட்டையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தடுப்பூசி மருந்துக் குப்பியின் மேல் ஒரு சிறிய லேபிள் ஒட்டியிருக்கும். ஊசி போட்டதும் அதை உரித்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வைப்பார். லேபிளில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். லேபிள் இல்லாமல் வெறும் பேனாவால் "தடுப்பூசி" என்று எழுதிய அட்டைகள் எங்களிடம் அடிக்கடி வருகின்றன. அவற்றை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை, முதலிலிருந்து போடுகிறோம்.

பார்வோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978 வாக்கில் தோன்றி ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் அது. முதலில் குட்டி சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும் என்பதால், வாங்கி வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ குட்டி விழும். "எங்ககிட்ட நல்லாத்தான் இருந்துச்சு, உங்க வீட்லதான் ஏதோ ஆயிருக்கு" என்பார் விற்றவர். நீங்களும் குற்ற உணர்ச்சியில் அதை நம்பிவிடுவீர்கள். இன்னொன்று, இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணத் தரை சுத்தத் திரவங்களுக்குச் சாகாது, பிளீச்சிங் கலந்த தண்ணீர்தான் வேண்டும். உங்கள் வீட்டிலோ மாடிப்படியிலோ இதற்கு முன் ஏதாவது நாய் பார்வோவில் இறந்திருந்தால், புதுக் குட்டியைக் கூட்டிவரும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

சரி, எங்கிருந்து எடுப்பது?

குட்டி இருக்கும் இடத்துக்கு நீங்களே போங்கள். "வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்" என்பது கேட்க வசதியாக இருக்கும், ஆனால் தாயையும் அது வளர்ந்த இடத்தையும் நீங்கள் பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாடாகவும் அது இருக்கலாம். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டினால் மட்டும் போதாது, அதன் வயிற்றைப் பாருங்கள். குட்டி ஈன்று எட்டு வாரத்துக்குள் இருக்கும் பெட்டை நாயின் மடி தொங்கியிருக்கும், காம்புகள் நீண்டு சற்றுத் தடித்திருக்கும், குட்டிகளின் நகம் கீறிய தடம்கூடத் தெரியும். வயிறு ஒட்டி, காம்புகள் சின்னதாக இருக்கும் நாயைக் காட்டி "இதுதான் தாய்" என்றால் நம்பாதீர்கள். தாய் அந்த வீட்டு மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். கிட்டப் போனாலே ஒடுங்கிக்கொள்ளும் தாயின் குட்டிகளும் பயந்த சுபாவத்தோடு வளரும் வாய்ப்பு அதிகம். தாயைப் பார்க்காமல் குட்டி வாங்கும் பழக்கத்தை ஒழிக்கத்தான் இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதையே தடை செய்தார்கள்.

குட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். உதட்டை மெதுவாகத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப் புழுவோ உண்ணியோ ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடலில் புழு இருக்கக்கூடும். வாலைத் தூக்கிப் பாருங்கள், முடியில் பேதி காய்ந்து ஒட்டியிருக்கக் கூடாது. கண்ணில் பீளை, மூக்கில் சளி இருந்தால் அந்த ஈற்றில் எந்தக் குட்டியையும் எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தாலும். தொப்புளில் மெத்தென்ற சின்ன உருண்டை தட்டுப்பட்டால் குடலிறக்கமாக இருக்கலாம். பல சமயம் பெரிய ஆபத்தில்லை, ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் முந்திக்கொண்டு ஓடிவரும் குட்டியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மூலையில் நடுங்கும் குட்டியைப் பரிதாபப்பட்டு எடுப்பவர்களும் உண்டு. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள குட்டி: வந்து மோந்து பார்க்கும், தூக்கினால் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கும், ஏதாவது சத்தம் கேட்டால் திடுக்கிட்டுச் சில வினாடியில் சமாளித்துக்கொள்ளும்.

விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காப்பகங்களில், தெருவில் மீட்ட குட்டிகளை வைத்திருப்பவர்களிடம், உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். வயது, தடுப்பூசி பற்றி மேலே சொன்னதெல்லாம் அந்தக் குட்டிகளுக்கும் பொருந்தும். தாயைப் பார்க்க முடியாமல் போகலாம், அப்படிப்பட்ட இடங்களில் பராமரிப்பவரிடம் குட்டியின் குணத்தைப் பற்றி நிறையக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் வீட்டு நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி அதுதான். எட்டரை முதல் நாலு வரை ஏழரை மணி நேரம். குட்டியால் எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் மேல்வரம்பு. சாப்பாடும் நாளைக்கு நாலு வேளை. மூன்று மாதம் தாண்டினால் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல்தான் இரண்டு. நேற்றுவரை தாய், கூடப் பிறந்தவை என்று கும்பலாகத் தூங்கிய குட்டி, பூட்டிய வீட்டில் ஏழரை மணி நேரம் தனியாகக் கத்திக்கொண்டு, தன் மூத்திரத்தின் மேலேயே படுத்திருக்கும். தனிமையில் பீதியடையும் நாயாக அது வளர இதைவிட வேறு காரணம் வேண்டாம். அப்படி வளர்ந்த நாயைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பக்கத்து வீட்டுப் புகார்கள், கடித்துக் கிழிந்த கதவு, வீட்டில் சண்டை என்று போய், கடைசியில் "யாராவது எடுத்துக்குவாங்களா டாக்டர்?" என்று கேட்பார்கள்.

அதனால் பிறந்தநாள் தேதியை விட்டுவிடுங்கள். உங்களில் ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும் சமயமாகப் பாருங்கள். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு நடுப்பகலில் ஒருவர் வந்து குட்டியை வெளியே விட்டு, சாப்பாடு கொடுத்துப் போக ஏற்பாடு வேண்டும். தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டில் நம்பகமானவர், சம்பளத்துக்கு வரும் ஆள், யாராக இருந்தாலும் சரி. அந்த ஆள் யார் என்று பெயரோடு முடிவானால் குட்டி எடுங்கள். "பார்த்துக்கலாம்" என்றால் வேண்டாம்.

அப்படி யாரும் இல்லையென்றால் வளர்ந்த நாயைப் பற்றி யோசியுங்கள் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன். இரண்டு மூன்று வயது நாயின் அளவு, குணம், பிள்ளைகளிடம் எப்படி என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பகலில் சில மணி நேரம் தனியாக இருக்கும். பல் முளைக்கும் காலமும் செருப்பைக் கடிக்கும் காலமும் முடிந்திருக்கும். வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டாது என்பது வெறும் பயம். சில வாரம் பொறுமையாக இருந்தால் போதும், பெரும்பாலான நாய்கள் புது வீட்டுக்குப் பழகிவிடும்.

மகளிடம் சொல்லாமல் கொண்டுவருவதும் வேண்டாம். அவளையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். 9 வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணம் நிரப்பும், முடி சீவிவிடும், "உட்கார்" சொல்லிக் கொடுக்கும். எழுந்து எழுந்து ராத்திரி மூத்திரம் போக விடுவதும், மருந்து கொடுப்பதும், செலவும் உங்கள் இருவர் பொறுப்பு. நாய் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். அவள் கல்லூரிக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

இனி, இனம். முடி கொட்டாத நாயால் வீசிங் வராது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, முடி அதைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். 2011இல் அமெரிக்காவில் வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வாமை தராதவை என்று விற்கப்படும் இனங்கள் இருந்த வீட்டுத் தூசியிலும் மற்ற வீடுகளிலும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் கணவர் முதலில் தன் மருத்துவரிடம் கேட்கட்டும். நாய் வளர்க்கும் நண்பர் வீட்டுக்குப் பலமுறை போய், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மணி நேரம் நாயோடு உட்கார்ந்திருந்து பார்க்கட்டும். மூச்சு இறுகினால் இந்த யோசனையை இப்போதே விட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்து நாயைத் திருப்பிக் கொடுப்பது மகளுக்கும் நாய்க்கும் பெரிய அடி.

ஷிட்சூ அன்பான நாய்தான். ஆனால் அதன் முடி வளர்ந்துகொண்டே இருக்கும், தினமும் சீவ வேண்டும், சில வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், இல்லையென்றால் தோலோடு சிக்குப் பிடித்து உள்ளே புண்ணாகும். முகம் தட்டையான இனம் என்பதால் வெயிலும் ஓட்டமும் அதற்குச் சிரமம். பக், ஃபிரெஞ்ச் புல்டாக் இரண்டுக்கும் இது இன்னும் அதிகம். தூங்கும்போது குறட்டை விடுவதை அழகு என்று நினைக்கிறார்கள், பல நாய்களுக்கு அது மூச்சுத் திணறலின் சத்தம். லேப்ரடார் போன்ற பெரிய இனமாக இருந்தால் தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இனத்தை வைத்துக் குணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2022இல் வெளியான ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதம்தான் இனத்தால் வருவது என்று தெரிந்தது. இனத்தை வைத்து அளவு, முடி, வரக்கூடிய நோய் இவற்றைப் பாருங்கள். குணத்துக்குத் தாயையும் அந்தக் குட்டியையும் பாருங்கள்.

ஆணா பெண்ணா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுத்தாலும் கருத்தடை அறுவைச் சிகிச்சை எப்போது செய்வது என்று முதல் சில மாதங்களிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சிறிய இனத்துக்கும் பெரிய இனத்துக்கும் வயது மாறும்.

வாங்கி வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். உணவுக்கும் தண்ணீருக்கும் கவிழாத கிண்ணம், துவைக்கக்கூடிய படுக்கை, எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு கூண்டு அல்லது தடுப்பு, மெல்லிய காலர், நடக்கும் வார், கடித்து விளையாட இரண்டு மூன்று சாமான். குட்டி இதுவரை என்ன சாப்பிட்டதோ அதையே ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். மாற்ற வேண்டுமென்றால் பிறகு ஒரு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம்.

சாமான்களைவிட வீட்டைச் சரிசெய்வதில்தான் வேலை அதிகம். மண்டி போட்டுக் குட்டியின் உயரத்தில் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். கட்டிலுக்குக் கீழே போகும் சார்ஜர் ஒயர், கதவு இடுக்கு, பையில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். உங்கள் வீடு இரண்டாவது மாடி என்பதால் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குட்டியின் தலை நுழையுமா என்று பார்த்து, நுழைந்தால் வலை அடித்துவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் இவையெல்லாம் நாய்க்கு விஷம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையும் வலிக்குப் போடும் இபுப்ரோஃபெனையும் நீங்களாக ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

முதல் ராத்திரி குட்டி அழும். அதன் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள், கையை நீட்டினால் அதன் முதுகில் படும்படி. கெட்ட பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். சில வாரத்தில் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொள்ளலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே போனால் அந்த வினாடியே பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் அதட்டாதீர்கள், மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் கண் முன்னால் போகக் கூடாது என்றுதான் அதற்குப் புரியும், அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும். படிகளில் தூக்கிக்கொண்டே இறங்குங்கள். கீழே போய்வர நேரமாகும் சமயங்களுக்குப் பால்கனியில் மூத்திரம் போக ஒரு தட்டு வைக்கலாம். ஒரு நாளில் 18, 20 மணி நேரம் தூங்கும் வயது அது, தூங்குவதை எழுப்பிக் கொஞ்ச வேண்டாம் என்று மகளிடமும் சொல்லி வையுங்கள்.

எல்லா ஊசியும் முடியும்வரை குட்டியை வெளியே கொண்டுபோகவே கூடாது என்று சொல்வார்கள். முடியும்வரை என்றால் 16 வாரம். பழகும் காலம் அதற்குள் முடிந்துவிடும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008இல் இதைப் பற்றித் தெளிவாகவே சொன்னது: மூன்று வயதுக்குக் குறைந்த நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் இல்லை, வளர்ப்பவர்கள் கைவிடும் அளவுக்குப் போகும் நடத்தைக் கோளாறுதான். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், வேறு நாய்கள் திரியும் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். குடை பிடித்தவர், தாடி வைத்தவர், ஹெல்மெட் போட்டவர், சைக்கிள், லாரிச் சத்தம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். முழுத் தடுப்பூசி போட்ட, சாதுவான நாய் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். மிரண்டால் வலுக்கட்டாயமாகக் கிட்டே தள்ளாமல் கொஞ்சம் விலகி நின்று பார்க்கவிடுங்கள்.

விளையாட்டில் பால் பல் பட்டு ரத்தம் வந்தால் "குட்டிதானே" என்று விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் குட்டிகளுக்கும் வரும். காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். ஊசி வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டியைத் தொட வேண்டாம், பெரியவர் கண் பார்வையில்லாமல் மகளும் குட்டியும் தனியாக இருக்க வேண்டாம் என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

குட்டி வீட்டுக்கு வந்த இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருத்துவர் என்பதைக் குட்டி எடுக்கும் முன்பே முடிவு செய்து, ராத்திரி அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்டு வையுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டை, இதுவரை சாப்பிட்ட உணவின் பெயர், அன்று காலை போன மலத்தில் கொஞ்சம் ஒரு மூடிய டப்பாவில். பல குட்டிகளுக்குக் குடற்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே வந்துவிடுகிறது, அது பிள்ளைகளுக்கும் தொற்றும். அதனால் எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை புழு மருந்து கொடுப்பது வழக்கம். எடைக்குத் தகுந்த அளவை மருத்துவர் எழுதித் தருவார். மகளையும் கூட்டிப் போங்கள், நகம் வெட்டுவதையும் காது பார்ப்பதையும் அவள் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.